ஜாக்கி கூகனின் காப்புப் பருவம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘கலையும் குழந்தையும்’ என்பது எனக்கு வகுக்கப்பட்ட தலைப்பு. பிள்ளைத்தமிழைப் பற்றிப் பேசுவேன் என்று உங்களுள் பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். பிள்ளைத்தமிழில்தான் தொடங்குகிறேன். ஆனால் அங்கிருந்து உங்களைக் கடல் கடந்து, அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்கு அழைத்துச் செல்ல எண்ணுகிறேன். காரணம் போகப் போக விளங்கும்.

ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றிற் பருவம் ஒன்று உண்டு. சிறுமியர் மணலில் கட்டிய சிறுவீட்டைச் சிறுவன் காலால் அழிக்க வருகிறான். அழிக்காதே என்று அவர்கள் வேண்டுகின்றனர். அங்கே சிதைவது மணல். யாருக்கும் நட்டமில்லை; யாருக்கும் கூலியுமில்லை. ஆகவே அது விளையாட்டு.

இனி இன்னொரு சிறுவனைப் பாருங்கள். அவனும் உடைக்கிறான். தெருவில் ஒரு வீட்டுச் சன்னலைக் கல்லெறிந்து உடைத்துவிட்டு ஓடிவிடுகிறான். சற்று நேரத்தில் முதுகில் கண்ணாடிப் பலகைகளைச் சுமந்தபடி ஒரு நாடோடி அவ்வழியே வருகிறான். உடைந்த சன்னலுக்குப் புதிய கண்ணாடி பதித்துக் காசு பெறுகிறான். சிறுவன் உடைத்தால்தான் இருவருக்கும் அன்றைய சோறு. 1921-ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி கிட்’ என்னும் படத்தின் காட்சி இது. நாடோடி சார்லி சாப்ளின். சிறுவன் ஜாக்கி கூகன். உலகம் அக்காட்சியைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தது. அந்தச் சிறுவன் ஒரு தொழிலில் பங்காளியாக இருக்கிறான் என்பதைச் சிரிப்பினிடையே எத்தனை பேர் கண்டிருப்பர்?

ஜாக்கி கூகன் 1914 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தவர். பெற்றோர் மேடைக் கலைஞர்கள். 1919-இல் சாப்ளினின் முதற் குழந்தை பிறந்து மூன்றே நாளில் இறந்தது. அதே ஆண்டில் ஒரு மேடையில் ஆடிக்கொண்டிருந்த இச்சிறுவனைச் சாப்ளின் கண்டெடுத்தார். முதலில் ஒரு குறும்படத்தில் சிறு வேடம். அடுத்து ‘தி கிட்’. அநாதை விடுதிக்காரர்கள் சிறுவனைப் பிடித்து வண்டியில் ஏற்ற, அவன் இரு கைகளையும் நீட்டிக் கதறும் காட்சியைப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

அக்கதறல் எவ்வாறு வந்தது என்பதைச் சாப்ளின் 1964-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். சிறுவனுக்கு அழுகை வரவில்லை. தந்தை தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவனைத் தனியே அழைத்துச் சென்று, நீ அழாவிட்டால் உன்னை இங்கிருந்து அநாதைகள் வேலை செய்யும் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மிரட்டினார். சிறுவன் அழுதான், காட்சி பதிவாயிற்று. மனம் பொறாத சாப்ளின் அவனைத் தூக்கித் தேற்றியபோது, அப்பா விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும் என்னும் பொருள்பட அவர் காதில் மெல்லச் சொன்னானாம்.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். குழந்தை அறியாமையால் அழவில்லை. பொய்யென்று அறிந்தும் தொழிலுக்காக அழுதிருக்கிறது. திறமையான குழந்தை நடிகரைப் பாராட்டும்போது, ‘நடிக்கவில்லை, வாழ்ந்தே காட்டியது’ என்று எழுதுவது நம் வழக்கம். உயர்ந்த பாராட்டென்று எண்ணியே எழுதுகிறோம். ஆனால் அத்தொடர் அக்குழந்தையின் உழைப்பை இல்லையென்று ஆக்கிவிடுகிறது. இப்பாராட்டுக்கு ஒருநாள் நீதிமன்றத்தில் விலை பேசப்பட்டது என்பதைச் சொல்லவே நான் வந்தேன்.

படம் வெளியானதும் ஜாக்கியின் புகழ் எட்டுத்திக்கும் பரவியது. 1922-இல் ‘ஆலிவர் ட்விஸ்ட்’. தொடர்ந்து ஆண்டுதோறும் படங்கள். மெட்ரோ நிறுவனத்தோடு பத்து லட்சம் டாலர் அளவில் ஒப்பந்தம். அவர் பெயரில் பொம்மைகளும் தின்பண்டங்களும் விற்பனையாயின. 1924-இல், ஆர்மீனிய, கிரேக்க அநாதைக் குழந்தைகளுக்காக உணவும் உடையும் திரட்டும் பயணத்தில் ஐரோப்பா வரை சென்றார். ஒன்பது வயதுச் சிறுவன் முன்னின்றதால் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருள்கள் சேர்ந்தன என்பர். 1927-இல் அவருடைய நீண்ட முடியை வெட்டிக்கொள்வதே ஒரு படத்துக்குப் பொருளாக அமைந்தது. முடியோடு மழலைப் பருவமும் முடிந்தது. 1930-இல் ‘டாம் சாயர்’, 1931-இல் ‘ஹக்கிள்பெரி ஃபின்’. பிறகு வாய்ப்புகள் அருகின.

1935 மே மாதம் மலைப்பாதையில் நிகழ்ந்த கார் விபத்தில் தந்தையும் உடன் சென்ற மற்றவர்களும் இறந்தனர். உயிர் பிழைத்தவர் ஜாக்கி ஒருவரே. அவ்வாண்டு அக்டோபரில் அவருக்கு 21 வயது நிரம்பியது. தாம் ஈட்டிய பணம் தம் கைக்கு வருமென்று நம்பினார், வரவில்லை. குடும்பத்தின் நிதிப் பொறுப்பைக் கவனித்துவந்தவரையே தாய் மறுமணம் செய்துகொண்டிருந்தார். பணம் அவர்கள் வசம் இருந்தது. வாரத்துக்கு ஆறேகால் டாலர் கைச்செலவுக்குப் பெற்று வளர்ந்த பிள்ளை, 1938-இல் பெற்ற தாய்மீதே வழக்குத் தொடுத்தார்.

அன்றைய கலிபோர்னியச் சட்டப்படி, வயதுக்கு வராத பிள்ளை ஈட்டுவது பெற்றோருக்கே உரியது. தாயின் தரப்பு சட்டத்தை மட்டும் காட்டவில்லை, இன்னொன்றும் சொன்னது. ஜாக்கி மகிழ்ச்சியாகத்தான் இருந்தான். கேமராவின் முன் விளையாடுவதாகவே எண்ணியிருந்தான் என்பது அந்த வாதம். விளையாட்டுக்கு ஏது கூலி? இரசிகர் சொன்ன அதே புகழ்மொழிதான். இம்முறை அது கணக்கைத் தீர்க்கும் மொழியாகப் பயன்பட்டது.

அவர் ஈட்டியது முப்பது முதல் நாற்பது லட்சம் டாலர் என்று மதிப்பிடப்பட்டது. சமரசத்துக்குப் பின் கைக்கு வந்தது ஏறத்தாழ 1,26,000 டாலர். ஆனால் நாடெங்கும் எழுந்த கொதிப்பின் விளைவாக 1939-இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களுக்கென ஒரு சட்டம் பிறந்தது. அதற்குக் ‘கூகன் சட்டம்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. நீதிமன்றம் ஏற்பளிக்கும் ஒப்பந்தங்களில், வருவாயின் ஒரு பகுதியைக் குழந்தைக்கென ஒதுக்கிவைக்குமாறு அச்சட்டம் ஆணையிட இடமளித்தது. நீதிமன்றத்துக்குக் கொண்டுவராத ஒப்பந்தங்களோ தப்பித்துக்கொண்டன. இந்த ஓட்டையை அடைக்க அறுபது ஆண்டுகள் ஆயின. 1999-இல் திருத்தப்பட்டு 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த சட்டமே, குழந்தையின் வருவாய் குழந்தைக்கே சொந்தம் என்று தெளிவாகச் சொன்னது. மொத்த வருவாயில் நூற்றுக்குப் பதினைந்து பங்கைத் தனிக்கணக்கில் சேர்ப்பதையும் கட்டாயமாக்கியது.

ஜாக்கியின் கதை இத்துடன் முடிந்திருந்தால் அது இரங்கற்பாவுக்கு உரிய பொருளாக மட்டும் இருந்திருக்கும். அவரோ உழைப்பதை நிறுத்தவில்லை. 1941-இல் இராணுவத்தில் சேர்ந்தார். இயந்திரமில்லாத கிளைடர் வானூர்தியை ஓட்டப் பயிற்சி பெற்று நம் நாட்டுக்கே வந்தார். 1944 மார்ச்சில், அசாமின் லாலாகாட் களத்திலிருந்து புறப்பட்ட கிளைடர்களில் ஒன்றை ஓட்டிச் சென்று, பர்மாவில் ஜப்பானியப் படைகளின் பின்புறம் காட்டிடையே இருந்த வெளியொன்றில், நள்ளிருளில் இறங்கியவர்களுள் அவரும் ஒருவர்.

போருக்குப் பின் தொலைக்காட்சி வந்தது. 1952-இல் ‘கவ்பாய் ஜி-மென்’ தொடரில் நடித்தார். கிடைத்த சிறு வேடங்களையெல்லாம் ஏற்றார். 1964 முதல் 1966 வரை ஒளிபரப்பாகிய ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ தொடரில் அங்கிள் ஃபெஸ்டர் என்னும் பாத்திரம் கிடைத்தது. மழித்த தலை, குழிந்த கண்கள், பருத்த உடல், வாயில் வைத்தவுடன் எரியும் மின்விளக்கு. ஒரு காலத்தில் உலகமே கொஞ்சிய முகம் அதுவென்று அடையாளம் காண முடியாதவாறு இருந்தார். 64 பகுதிகளே வெளிவந்தன. ஆனால் இன்றும் அத்தொடரைத் தேடிப் பார்ப்பவர்கள் உள்ளனர். முதல் வெற்றியில் அழகும் பருவமும் துணைநின்றன. இரண்டாவது வெற்றியில் அவருக்குத் துணையாக இருந்தது தொழில் ஒன்றே. என்னைக் கேட்டால் இரண்டாவதே அவர் முழு உரிமையோடு ஈட்டியது என்பேன். 1972-இல் சிறப்பு ஆஸ்கார் விருது பெற அமெரிக்கா திரும்பிய சாப்ளினை அவர் மீண்டும் சந்தித்தார். 1984 மார்ச் முதல் நாளில் தம் 69-ஆம் வயதில் மறைந்தார்.

நம் நாட்டிலும் இப்போது ஒரு காப்பு உண்டு. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 2017-இல் வகுக்கப்பட்ட விதிகள், திரையிலும் தொலைக்காட்சியிலும் நடிக்கும் குழந்தையை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கின்றன. ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டலாகாது என்கின்றன. வருவாயில் ஐந்தில் ஒரு பங்கையேனும் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்பாக இடச் சொல்கின்றன. விதி இருக்கிறது. விதியை நினைவூட்டும் மனநிலை நம்மிடம் இருக்கிறதா?

கவிஞர்களை நோக்கியே இக்கேள்வியை வைக்கிறேன். தீப்பெட்டி அடுக்கும் சிறுமிக்காகவும், தேநீர்க் கடையில் குவளை கழுவும் சிறுவனுக்காகவும் நம் புதுக்கவிதை கண்ணீர் சிந்தியிருக்கிறது. அதே கவிதை, படப்பிடிப்பு விளக்குகளின் வெப்பத்தில் பத்தாம் முறையாக ஒரே வசனத்தைச் சொல்லி நிற்கும் சிறுமியைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டுவிட்டுப் போய்விடுகிறது. இருவர் துன்பமும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. பசியின் கொடுமை வேறு. ஆனால் இருவரும் உழைக்கிறார்கள் என்பது ஒன்றுதான். ஒன்றை உழைப்பென்றும் மற்றொன்றை விளையாட்டென்றும் பிரிப்பது நம் சொல். அச்சொல்லை எடுத்துக்கொண்டுதான் ஜாக்கியின் தாய் நீதிமன்றத்துக்குப் போனார்.

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதலாவது காப்பு என்பதை நீங்கள் அறிவீர்கள். தெய்வங்களை எல்லாம் அழைத்து இக்குழந்தையைக் காக்க என்று வேண்டிய பிறகே தாலாட்டு வரும், சப்பாணி வரும், முத்தப் பருவம் வரும். இந்த வரிசையை வகுத்தவர்கள் பொருளறிந்தே வகுத்தனர். ஜாக்கி கூகனுக்கு முத்தம் முதலில் கிடைத்தது. காப்பு அவர் வளர்ந்தபின், அவருக்குப் பயன்படாமல், அவருக்குப் பின் வந்த பிள்ளைகளுக்காகப் பிறந்தது. இனி ஒரு குழந்தையின் நடிப்பைப் பாராட்டி எழுத நேரும்போது, ‘நன்றாக நடித்தது’ என்றே எழுதுவோம். நடிப்பும் ஒரு வேலை என்பதை அச்சிறு சொல்லாவது ஒப்புக்கொள்ளட்டும்.