கால்குலேட்டர் சொல்லாத இன்னொரு கோணம்

ஒரு ஃபீல்டர் நொடிக்கு 30 மீட்டர் வேகத்துல பந்தை எறியுறார், கீப்பர் 46 மீட்டர் தள்ளி நிக்கிறார்னு வச்சுக்குவோம். எந்தக் கோணத்துல எறியணும்?

காத்தோட தடையை விட்டுடுவோம். எறியுற உயரத்துலயே கீப்பர் பிடிக்கிறார். அப்போ தூரம்னா, வேகத்தோட வர்க்கத்தை சைன் 2தீட்டாவால பெருக்கி 9.8ஆல வகுக்கிறது. எண்களைப் போட்டா சைன் 2தீட்டா கிட்டத்தட்ட 0.5.

கால்குலேட்டர்ல சைன் இன்வர்ஸ் போட்டா 30. பாதி 15 டிகிரி. முடிஞ்சுதா? இல்லங்க, 150க்கும் சைன் அதே 0.5தான். அதுல பாதி 75. ரெண்டுலயும் பந்து கீப்பர் கைக்கே போகும். ஆனா 15ல 1.6 விநாடி, 75ல 5.9 விநாடி. எதுல ரன் அவுட்னு நான் சொல்லணுமா என்ன!

இதே கணக்கை ஒரு கேம்ல கல் எறியுற சீனுக்கு கோடு பண்றீங்க, நடுவுல 10 மீட்டர் கோட்டைச் சுவர். 15 டிகிரில கல்லு 3 மீட்டர்தான் ஏறும். 75ல 43 மீட்டர். ஆர்க்சைன் ஃபங்ஷன் மைனஸ் 90லேருந்து 90க்குள்ள ஒரே விடைதான் தரும். 180லேருந்து கழிக்கிற வரியை நாமதான் எழுதணும். அப்படியே இலக்கு 92 மீட்டரைத் தாண்டினா சைன் 1ஐத் தாண்டிடும், கோணமே கிடையாது. அதுக்கும் ஒரு இஃப் போட்டு வைங்க.