பொது அலையில் ஒழுக்கம்

கடிதம் ஒருவருக்கென எழுதப்படுகிறது. அதைப் பிரித்துப் படிப்பவரும் ஒருவரே. வானலையில் எழும் குரலோ அத்தகையதன்று. அது யாரை நோக்கிப் புறப்பட்டாலும், அந்த அலைவரிசையில் காது கொடுத்திருக்கும் அத்தனை பேரிடமும் சென்று சேர்கிறது. ஊர்ப் பொதுக் கிணற்றை ஒருவர் கலக்கிவிட்டால், அடுத்து வருபவர் அள்ளுவது சேற்று நீரே. பொது அலையும் அவ்வாறே. அங்கு வீண்பேச்சு மிகுந்தால் வேண்டிய பேச்சு மூழ்கிப்போகிறது. அதனினும் பெரிய தீங்கு வேறொன்றுண்டு. இரைச்சலைக் கேட்டுச் சலித்த காது, உண்மையான குரல் வரும்போதும் அதனை இரைச்சலென்றே எண்ணி ஒதுக்கிவிடுகிறது.

இவ்விரு தீங்குகளையும் உலகத்துக்கு உணர்த்திய இரவு 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி இரவாகும். டைட்டானிக் என்னும் பெருங்கப்பல் அன்று வட அத்திலாந்திக் கடலில் நியூயோர்க்கை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அதன் கம்பியில்லாத் தந்தி அறையில் ஜாக் பிலிப்ஸ், ஹரோல்ட் பிரைட் என்னும் இரு இளைஞர்கள் பணியாற்றினர். அவர்கள் மார்க்கோனி கம்பனியின் ஊழியர்கள். பயணிகள் தங்கள் உறவினருக்கும் நண்பருக்கும் அனுப்பிய வாழ்த்துகளையும் வணிகச் செய்திகளையும் கரைக்கு அனுப்புவதே அவர்களுடைய அன்றாட வேலை. கம்பனிக்கு வருவாய் தந்ததும் அதுவே. இடையில் கருவி பழுதுற்றமையால் அதைச் சீர்செய்வதில் பல மணி நேரம் கழிந்திருந்தது. அனுப்பப்படாத செய்திகள் குவிந்துகிடந்தன. அன்றிரவு நியூபவுண்ட்லாந்தின் கேப் ரேஸ் நிலையம் எட்டும் தூரத்துக்கு வந்ததும், பிலிப்ஸ் அக்குவியலை அனுப்பித் தீர்ப்பதில் முனைந்திருந்தார்.

இரவு 11 மணியளவில் அவருடைய காதில் திடீரெனப் பேரொலி ஒன்று விழுந்தது. அருகில் நின்ற கலிபோர்னியன் என்னும் கப்பலின் தந்தியாளர் சிறில் எவான்ஸ், தங்கள் கப்பல் பனிக்கட்டிகளால் சூழப்பட்டு நின்றுவிட்டது என்று அறிவித்தார். அக்காலத்துத் தீப்பொறிக் கருவிகளின் அலை பரந்து விரிவது. அருகிலுள்ள கப்பல் பேசினால் தொலைவிலுள்ள நிலையத்தின் மெல்லிய ஒலி முழுவதும் அமிழ்ந்துவிடும். கேப் ரேஸின் ஒலியைச் செவியைக் கூர்மையாக்கிக் கேட்டுக்கொண்டிருந்த பிலிப்ஸ் சினங்கொண்டார். வாயை மூடும்படியும், தாம் கேப் ரேஸுடன் வேலையாக இருப்பதாகவும் சுருக்கமாகப் பதில் அடித்தார்.

இந்தச் சிறு நிகழ்ச்சியை ஆராய்ந்தால் இரு பக்கத்திலும் குறை இருப்பது புலப்படும். எவான்ஸ் சொன்ன செய்தி உயிரைக் காக்கவல்லது. ஆனால் அதை அவர் நண்பனோடு பேசுவதுபோலச் சொன்னார். கப்பல் தலைவருக்குரிய செய்திகளுக்கு முன்னால் ஒரு குறிச்சொல்லை இடும் வழக்கம் அந்நாளில் இருந்தது. அக்குறி கண்ட செய்தியைத் தந்தியாளர் தலைவரிடம் சேர்ப்பித்தே ஆகவேண்டும். எவான்ஸின் செய்தியில் அக்குறி இல்லை. வேலைச் சுமையில் இருந்தவர் அதனை ஊர்ப்பேச்சாகக் கொண்டதில் வியப்பில்லை. மறுபுறம், பிலிப்ஸ் அரை நிமிடம் பொறுத்துக் கேட்டிருப்பாராயின், சூழ நிற்பது பனிக்கட்டி என்பதும் அது மிக அருகில் இருக்கிறது என்பதும் அவருக்குப் புலனாகியிருக்கும். சொன்னவர் சொல்லும் முறையில் தவறினார். கேட்டவர் கேட்கும் முறையில் தவறினார்.

எவான்ஸ் அந்தப் பதிலால் மனம் புண்படவில்லை. தந்தியாளர்களிடையே அத்தகைய பேச்சு சாதாரணம் என்றும், அதை யாரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை என்றும் அவர் பின்னர் விசாரணையில் விளக்கினார். ஆயினும் அவர் மீண்டும் அழைக்கவில்லை. சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைய வேலை முடிந்ததென்று கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். அக்கப்பலில் தந்தியாளர் அவர் ஒருவரே. 11 மணி 40 நிமிடத்துக்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. நள்ளிரவு கடந்து பிலிப்ஸ் அபாய அழைப்பை அனுப்பத் தொடங்கியபோது, மிக அருகிலிருந்த தந்திக் கருவிகளுள் ஒன்று ஊமையாகக் கிடந்தது. அந்த இரவில் ஏறத்தாழ 1,500 பேர் உயிரிழந்தனர்.

அதே இரவில் நல்லொழுக்கத்துக்கும் ஒரு சான்று கிடைக்கிறது. கார்ப்பேதியா என்னும் கப்பலின் தந்தியாளர் ஹரோல்ட் கொட்டம் படுக்கைக்குப் போகும் தறுவாயில் இருந்தார். டைட்டானிக்குக்கென்று கேப் கொட் நிலையத்தில் செய்திகள் காத்திருப்பதை அவர் தற்செயலாகக் கேட்டிருந்தார். அது அவருடைய பணியன்று. எனினும் சக தந்தியாளருக்கு ஓர் உதவியாக இருக்கட்டும் என்று டைட்டானிக்கை அழைத்து அதைத் தெரிவித்தார். கப்பல் பனிப்பாறையில் மோதிவிட்டது, உடனே வருக என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி. கார்ப்பேதியா 58 கடல் மைல் தொலைவிலிருந்து விரைந்து வந்து 700க்கும் மேற்பட்டோரை மீட்டது. ஒரு சிறு மரியாதை அத்தனை உயிர்களுக்கும் வழி திறந்துவிட்டது.

இன்னும் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுதல் தகும். அபாய அழைப்புக்கு முதலில் மறுமொழி தந்தவற்றுள் ஒன்று பிராங்பேட் என்னும் ஜெர்மன் கப்பல். அதன் தந்தியாளர் சிறிது நேரம் கழித்துத் திரும்பவும் வந்து, என்ன நேர்ந்தது என்று கேட்டார். அபாயக் குறியும் இருப்பிடமும் முன்னரே கொடுக்கப்பட்டிருக்க, இக்கேள்வி பிலிப்ஸுக்குப் பொறுக்க முடியாத மூடத்தனமாகத் தோன்றியது. அவரை முட்டாள் என்று ஏசி, இடையில் வராதிருக்கும்படி சொல்லிவிட்டார். மூழ்கும் கப்பலில் இறுதிவரை கடமையாற்றி உயிர்நீத்த அந்த வீரரை இன்று குறைகூறுவது எளிது, அது முறையுமன்று. ஆயினும் உதவிக்கு வந்தவரை விரட்டியது சரியா என்று அமெரிக்க செனற் சபையின் விசாரணைக் குழு பிரைட்டைத் துருவித் துருவிக் கேட்டது. முன்னர் சொல்லப்பட்டதைத் திரும்பக் கேட்பது தொல்லைதான். ஆனால் கேட்பவர் அறியாமையால் கேட்கிறாரா, சரிவரக் காதில் விழாமையால் கேட்கிறாரா என்பதை மறுமுனையில் இருப்பவர் அறியார். ஒரு வரியில் திரும்பச் சொல்வதற்கு ஆகும் நேரம், ஏசுவதற்கு ஆகும் நேரத்தினும் அதிகமன்று.

விபத்துக்கு மறுநாளும் இரைச்சல் ஓயவில்லை. கரையோரத்திலிருந்து பலரும் ஒரே வேளையில் கேள்விகளை அனுப்பிக்கொண்டிருந்தனர். பயணிகள் யாவரும் நலம், கப்பல் ஹலிபாக்ஸ் துறைமுகத்துக்கு இழுத்துச் செல்லப்படுகிறது என்ற பொய்ச் செய்தி பத்திரிகைகளிலும் வெளிவந்தது. தொடர்பில்லாத இரு செய்திகள் காற்றில் ஒன்றோடொன்று கலந்தமையே இதற்குக் காரணம் என்று பின்னர் விளக்கம் கூறப்பட்டது. தங்கள் உறவினர் பிழைத்தனர் என்று ஆறுதலடைந்த குடும்பங்கள் சில மணி நேரத்தில் இடிந்துபோயின.

இந்த அனுபவத்திலிருந்து உலகம் சட்டம் வகுத்தது. 1912ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் அமெரிக்கா வானொலிச் சட்டத்தை இயற்றி, தனிப்பட்ட ஆர்வலர்கள் உரிமம் பெறவேண்டும் என்றும், 200 மீற்றருக்கு மேற்படாத அலைநீளங்களிலேயே பேசவேண்டும் என்றும் விதித்தது. 1914 ஜனவரியில் இலண்டனில் கைச்சாத்திடப்பட்ட கடலுயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை, பயணிகள் கப்பல்களில் இரவும் பகலும் இடையறாது காது கொடுத்திருக்கும் முறைக்கு வழிசெய்தது. ஆனால் சட்டத்தினும் அழகானது பின்னர் எழுந்த ஒரு வழக்கம். கப்பல்கள் பொதுவாக அழைக்கும் அலைவரிசையில், ஒவ்வொரு மணியிலும் 15ஆம் நிமிடத்திலிருந்து 18 வரையும், 45ஆம் நிமிடத்திலிருந்து 48 வரையும் யாவரும் மௌனம் காத்தனர். தந்தி அறைக் கடிகாரத்தின் முகத்தில் அந்தப் பகுதிகள் சிவப்பு நிறத்தில் தீட்டப்பட்டிருந்தன. அந்த மூன்று நிமிடங்களில் எவரும் தம் வேலையைப் பேசுவதில்லை; எங்கேனும் மெல்லிய ஓலம் ஒன்று கேட்கிறதா என்று உற்றுக் கேட்பர். உலகக் கடல்கள் அனைத்திலும் ஒரே வேளையில் மனிதர் வாய்மூடிக் காது திறந்திருந்த காட்சியை எண்ணிப் பார்ப்பது நன்று. 1999 பெப்ரவரியில் புதிய பாதுகாப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் தந்திக் குறிகளின் காலம் முடிந்தது; அக்கடிகாரங்கள் நூதனசாலைப் பொருள்களாயின.

குரலால் பேசும் இன்றைய கடல் வானொலியிலும் ஒழுக்கம் மாறவில்லை. உயிருக்கு ஆபத்து நேர்ந்தவர் ‘மேடே’ என்று மும்முறை அழைக்கிறார். ‘எனக்கு உதவுங்கள்’ என்னும் பொருள்தரும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலி அது. பின்பு கப்பலின் பெயர், அது நிற்கும் இடம், நேர்ந்த துன்பம், வேண்டிய உதவி, கப்பலிலுள்ளோர் தொகை என ஒவ்வொன்றாகச் சொல்கிறார். புலம்பலுக்கு அங்கு இடமில்லை. உதவ விரும்புபவர் திரும்பக் கேட்க வேண்டியிராத வண்ணம் சொல்லப்படும் செய்தி அது. ஆபத்து உடனடியானதன்று, ஆனால் அவசரம் உண்டு எனில் ‘பான் பான்’ என்று வேறொரு சொல். எல்லாவற்றுக்கும் ‘மேடே’ என்று கூவுவோர் பெருகினால், ஒருநாள் அச்சொல்லுக்கு யாரும் திரும்பிப் பாரார். தவறுதலாக அபாய அழைப்பை அனுப்பிவிட்டவர், அதைத் தாமே முன்வந்து அறிவித்து நீக்கவேண்டும் என்பதும் விதி. வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிடுதல் பிறரை வீணே அலைக்கழிப்பதாகும்.

பொழுதுபோக்காக வானொலி இயக்கும் ஆர்வலர்கள் இவ்வொழுக்கத்தை இன்னும் நுட்பமாக வளர்த்தனர். அவர்கள் ஓர் அலைவரிசையில் பேசத் தொடங்குமுன் சற்று நேரம் கேட்டிருப்பர். பின்பு இந்த இடம் யாருக்கேனும் பயன்படுகிறதா என்று ஒரு குறியால் வினவுவர். மறுமொழி இல்லையெனில் மட்டுமே பேசுவர். பிறர் பேச்சினால் உண்டாகும் இடையூற்றுக்கு ஒரு குறியும், இடிமின்னல் முதலிய இயற்கையால் உண்டாகும் இரைச்சலுக்கு வேறொரு குறியும் வைத்திருக்கின்றனர். இயற்கையின் இரைச்சலைப் பொறுத்தே ஆகவேண்டும். மனிதர் செய்யும் இரைச்சலோ தவிர்க்கத்தக்கது.

இவர்களுக்கென போல் சீகல் என்னும் அமெரிக்கர் 1928ஆம் ஆண்டில் ஒழுக்க விதிகளை வகுத்தார். பிறருடைய மகிழ்ச்சிக்கு ஊறு செய்யாதிருத்தல் அவற்றுள் ஒன்று. கேட்டுக்கொண்டால் வேகத்தைக் குறைத்துப் பொறுமையோடு பேசுதலும், புதிதாக வந்தவருக்கு நட்போடு ஆலோசனை கூறுதலும் மற்றொன்று. கருவியில் ஒரு பழுது நேர்ந்தால் என்ன செய்வது, ஏரியலை எவ்வாறு கட்டுவது என்பன போன்ற ஐயங்களைத் தீர்த்துவைக்கும் மூத்தவர்கள் இவ்வட்டத்தில் என்றும் இருந்துவந்தனர். அமெரிக்காவில் 1971 முதல் அத்தகையோரை ‘எல்மர்’ என்று அன்போடு அழைக்கும் வழக்கமும் உண்டு. அவர்கள் ஊதியம் பெறுபவர்களல்லர். அவர்கள் கொடுப்பது தங்கள் ஓய்வு நேரத்தையே. ஆதலால் ஐயம் கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு. கைநூலைப் புரட்டிப் பார்த்தபின் கேட்கவேண்டும். என்ன கருவி, என்ன செய்தபோது என்ன நேர்ந்தது, இதுவரை எதைச் செய்து பார்த்தாயிற்று என்பவற்றைச் சொல்லவேண்டும். பழுது நீங்கியதும் எவ்வாறு நீங்கியது என்று திரும்பி வந்து சொல்லவேண்டும். ‘வேலை செய்யவில்லை’ என்ற ஒரே சொல்லோடு வருபவர், பத்துப் பேருடைய நேரத்தைப் பறித்துக்கொண்டு தாமும் பயன்பெறாது போகிறார்.

இன்று கருவிகள் பெருகிவிட்டன. முன்பின் அறியாத நூறு பேரை ஒரே வேளையில் அழைத்து உதவி கேட்கும் வசதி ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. அழைப்பது எளிதாகும்போது அழைக்கும் முறையைக் குறித்த எண்ணம் குறைந்துபோவது மனித இயல்பு. ஆயினும் அந்தப் பனிக்கடல் இரவின் பாடம் மாறவில்லை. பேசுபவர், தம் செய்தி எவ்வகையினது என்பது முதற் சொல்லிலேயே விளங்கும்படி பேசவேண்டும். கேட்பவர், நூறு வீண்குரல்களுக்குப் பின் வரும் நூற்றோராவது குரலையும் ஒருகணம் பொறுத்துக் கேட்கவேண்டும். முன்னவர் தவறினால் பொது அலை இரைச்சலாகிறது. பின்னவர் தவறினால், அன்று கலிபோர்னியன் சொல்ல வந்தது சொல்லப்படாமலே நின்றதுபோல, கேட்கப்பட வேண்டிய குரல் பாதியிலேயே நின்றுவிடுகிறது.