மலைமக்களின் மனைநூல்

இமாசலத்துப் பழைய இல்லங்களின் சுவர்களில் தேவதாரு உத்தரமும் கல்லும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். இடையே சாந்து இராது. 'காட்' என்பது மரம். 'குனி' என்பது மூலை. ஆகவே இம்முறைக்குக் 'காட்குனி' என்று பெயர். நிலம் நடுங்குங்கால் கற்கள் சற்றே நழுவி அதிர்ச்சியை ஏற்கின்றன. மரங்கள் சுவரைப் பிரியவிடாது பிணைக்கின்றன. கீழ்த்தளத்துக் கால்நடைகளின் வெம்மை மேல்தளத்தாரைக் குளிரினின்று காக்கின்றது.

இன்றோ தேவதாரு அரிதாயிற்று, சிமெண்டு எளிதாயிற்று. மரமின்றிப் பழமை பேசிப் பயன் யாது என்பீர்கள். காசுமீரத்துத் 'தஜ்ஜி தேவாரி' விடை பகர்கின்றது. சிறு மரச்சட்டங்களின் இடையே கல்லும் மண்ணும் நிரப்பும் முறை அது, பெருமரம் வேண்டுவதில்லை. 2005 அக்டோபர் 8 நிலநடுக்கத்திற்குப் பின் பல்லாயிரம் இல்லங்கள் அவ்வண்ணமே எழுந்தன.

மலையில் மனை எழுப்புவோர் முதற்கண் அவ்வூர்த் தச்சரைக் கேட்பாராக.