ஞானப்பல்லும் கத்தியும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஏறக்குறைய 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், வாயின் கடைக்கோடியில் முளைப்பது ஞானப்பல். அறிவு முதிரும் பருவத்தில் வருவதால் அதற்கு அப்பெயர். ஆனால் அதில் நோவு வந்ததும் நாம் நடந்துகொள்ளும் விதத்தில் ஞானத்தைக் காண்பது அரிது. கராம்பு எண்ணெயைத் தடவுவோம். நோவு தணிந்ததும் மறந்துவிடுவோம். காரணம் கத்திப் பயமே. அக்கத்தி செய்வது யாதென அறிந்தால் பயம் பாதியாகும்.

தாடையில் இடம் போதாதபோது பல் சாய்ந்து, எலும்பினுள்ளும் முரசினுள்ளும் புதைந்து கிடக்கும். நோய் செய்யாத பல்லைப் பிடுங்கவேண்டியதில்லை என இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு வெளியான வழிகாட்டல் கூறியது. ஆனால் அடிக்கடி வீங்கிச் சீழ் பிடிக்கும் பல்லை விட்டுவைத்தல் ஆபத்து. அச்சீழ் நாவின் அடிக்கும் கழுத்துக்கும் பரவினால் மூச்சே அடைபடலாம். 1836இல் ஜெர்மன் வைத்தியர் லுட்விக் விவரித்த அக்கொடிய நோய்க்குக் கீழ்க் கடைவாய்ப்பற்களே பெரும்பாலும் மூலம்.

சத்திரசிகிச்சையின்போது, ஊசியால் அவ்விடத்தை விறைக்கச் செய்தபின், முரசை எலும்புவரை கீறி மடல்போல் உயர்த்துவர். கீறும் முறைகளில் முக்கியமானவை இரண்டு. முன்னுள்ள பல்லின் கழுத்தை ஒட்டிக் கீறிப் பின்னோக்கி நீட்டுவது ஒன்று. கடித உறையைத் திறப்பது போன்றதாகையால் இதை உறைமடல் எனலாம். அதனோடு முன்புறம் சரிவாக இன்னொரு கீறலைச் சேர்த்தால் அது முக்கோண மடல்.

எம்முறையாயினும் பின்கீறல் கன்னப் பக்கமாகத் திரும்பவேண்டும். தாடையெலும்பு அங்கே வெளிப்புறமாக விரிகிறது; உட்புறத்திலோ நாவுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. மடலின் அடி அகலமாயிருந்தாற்றான் இரத்தவோட்டம் குன்றாது. பின்னர் உப்புநீர் பாய்ச்சிச் சூடு தணித்தபடி எலும்பைச் சிறிது குடைந்து, வேண்டுமாயின் பல்லைத் துண்டாக்கி எடுத்து, முரசைத் தைப்பர்.

இரண்டில் எது சிறந்தது? 2020இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, முக்கோண மடலால் பின்வரும் குழி நோவு குறையக்கூடும். ஒரு வாரத்தின் பின் எஞ்சும் வீக்கம் சற்றுக் கூடலாம். ஆயினும் சான்றுகள் வலுவானவையல்ல. ஆகவே பல் கிடக்கும் நிலையைப் பார்த்து வைத்தியரே தீர்மானிக்கிறார்.

இனி வருவது நமது பொறுப்பு. பல் இருந்த குழியில் உறையும் இரத்தமே இயற்கை இடும் மருந்துக்கட்டு. அதைக் காப்பதே நமது கடமை. பஞ்சுத்துணியை அரைமணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். முதல் நாள் வாயை அலசவேண்டாம். அடிக்கடி துப்பவும் வேண்டாம். மறுநாள் முதல் இளஞ்சூட்டு உப்புநீரால் மெல்ல அலசலாம். சுருட்டு, சிகரெட், வெற்றிலை பாக்கு ஆகியவற்றைத் தொடவே கூடாது. கஞ்சியும் குழைந்த சோறும் போதும். விரதகாலத்தை ஒட்டிச் சிகிச்சைக்கு நாள் குறிக்காதிருப்பதும் நன்று. புண் ஆற உணவும் நீரும் வேண்டுமன்றோ?

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சமடைந்து பின்னர் வடியும். வாய் திறப்பதும் சில நாட்களுக்குக் கடினமாயிருக்கும். இதற்கு அஞ்சவேண்டாம். ஆனால் மூன்றாம், நான்காம் நாளில் காதுவரை இழுக்கும் நோவும் துர்நாற்றமும் தோன்றினால், உறைந்த இரத்தம் அகன்றிருக்கலாம். வைத்தியரிடம் சென்றால் குழியைக் கழுவி மருந்திடுவார். உதடோ நாவோ மரத்தே இருந்தாலும் அவரிடம் சொல்லுங்கள். காய்ச்சலோடு விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானால் இரவென்றும் பாராது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இளைஞர்களே, நோவை மறைப்பது வீரமன்று. பெரியோர்களே, "பொறுத்துக்கொள், போய்விடும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். கத்தியின் வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துள் முடியும். நமது வேலை ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில் காட்டும் பொறுமையே ஞானம்.