வைத்தியர் எழுதித் தரும் நடை

 

வைத்தியர் தரும் சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் வேளையும் குறிக்கப்பட்டிருக்கும். அதே சீட்டில், "தினமும் அரை மணி நேரம் விரைந்து நடக்கவும்" என்று எழுதப்பட்டிருந்தால் அதையும் நாம் மருந்தாகவே கருதுவோமா?

நியூசிலாந்தில் 1998ஆம் ஆண்டு இத்தகைய முறையொன்று ஆரம்பிக்கப்பட்டது. 'பச்சைச் சீட்டு' என்பது அதன் பெயர். வைத்தியர் நோயாளியுடன் கலந்துபேசி, அவரால் இயன்ற உடற்பயிற்சியை எழுத்தில் கொடுப்பார். பின்னர், பயிற்சி ஆலோசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து ஊக்கமளிப்பார்.

இதன் பயனை ஆராய்ந்த ஆய்வொன்று 2003இல் வெளியானது. போதிய உடலுழைப்பற்ற, 40 முதல் 79 வயது வரையிலான 878 பேர் அதில் பங்குபற்றினர். ஓராண்டின் பின், சீட்டுப் பெறாதோருடன் ஒப்பிடுகையில், பெற்ற ஒவ்வொரு 10 பேருக்கும் ஏறத்தாழ ஒருவர் மேலதிகமாக, வாரத்துக்கு இரண்டரை மணி நேரப் பயிற்சி என்ற அளவை எட்டியிருந்தார். வைத்தியரின் சில நிமிடப் பேச்சுக்கு இது நல்ல பலனே. எனினும், பெரும்பாலானோரைச் சீட்டு மாத்திரம் அசைத்துவிடவில்லை என்பதையும் இது உணர்த்துகின்றது.

இம்மருந்தின் வலிமையோ பெரிது. உழைக்கும் தசை குருதியிலுள்ள சீனியை எடுத்துப் பயன்படுத்துகின்றது; இன்சுலினும் நன்கு வேலை செய்கின்றது. நீரிழிவை நெருங்கியிருந்தோரிடையே அமெரிக்காவில் நடைபெற்று 2002இல் வெளியான ஆய்வில், உணவுக் கட்டுப்பாடும் வாரத்துக்கு 150 நிமிடப் பயிற்சியும் சேர்ந்து நோய் தோன்றும் வாய்ப்பை 58 வீதத்தால் குறைத்தன. மெட்போமின் மாத்திரை குறைத்தது 31 வீதமே.

அவ்வாறாயின், வீட்டில் அந்த ஆலோசகரின் பணியை ஏற்பவர் யார்? உம்மா மாத்திரை விழுங்கினாரா என்று கேட்கும் பிள்ளைகள், அவர் நடந்தாரா என்று கேட்பதில்லை. "வீட்டு வேலையே போதும்" என்று கூறிவிடுகின்றோம். மகன் பாத்திரங்களைக் கழுவினால் உம்மாவுக்கு அந்த அரை மணி நேரம் கிடைக்கும். மகள் கூடவே நடந்தால் அது பழக்கமாகும்.

பெற்றோர்களே! 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பு தேவை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பிரத்தியேக வகுப்புகளுக்காக விளையாட்டு நேரத்தை முற்றாகப் பறித்துவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை: நடக்கத் தொடங்கியதும் மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். இருதய நோயுள்ளோர் வைத்தியரிடம் அளவு கேட்டே ஆரம்பிக்க வேண்டும்.

சீட்டை எழுதுவது வைத்தியரின் கடமை. அதற்கு நேரம் ஒதுக்கித் தருவது குடும்பத்தின் கடமை.