கையெழுத்துப் போடும் முன்

(தென்காசியில் நடந்த ஆசிரியர் பணியிடைப் பயிற்சியின் உடல்நல அமர்வில், அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசச் சொல்லியிருக்கிறார்கள். கண் சொக்கும் நேரம்தான். ஆனாலும் இருபது நிமிடம் கேளுங்கள். ஆண் ஆசிரியர்களை வைத்துக்கொண்டு இதைப் பேசலாமா என்று நேற்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார். அவர்கள் இருந்தால்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்பது கடைசியில் உங்களுக்கே புரியும்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியர். பத்தாம் வகுப்புக்கு ஒவ்வோர் ஆண்டும் இனப்பெருக்கப் பாடம் நடத்துகிறேன். கரும்பலகையில் கருப்பையை வரைந்து பாகங்களைக் குறிப்பேன். பிள்ளைகள் வெட்கப்பட்டால், "இதிலே வெட்கப்பட என்ன இருக்கு?" என்று கேட்பேன். பிள்ளைகளிடம் அப்படிக் கேட்ட நான், என் கருப்பையில் நடப்பதை இரண்டு ஆண்டுகள் யாரிடமும் சொல்லவில்லை.

நாற்பது வயதுக்குப் பிறகு மாதவிடாய் எனக்கு ஏழு, எட்டு நாள் நீடிக்க ஆரம்பித்தது. கட்டி கட்டியாக ரத்தம் போகும். ஒரு பாடவேளை முடிவதற்குள் நாப்கின் தாங்காது. அந்த நாட்களில் கருநீலச் சேலைதான் கட்டுவேன். நாற்காலியில் உட்காரவே மாட்டேன். "டீச்சர் எப்பவும் நின்னுக்கிட்டேதான் பாடம் நடத்துவாங்க" என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்வார்கள். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு ஜூன் மாதம். சாரல் தொடங்கி, குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுந்தது. சனிக்கிழமை எங்கள் பள்ளி ஆசிரியைகள் எல்லாரும் வேன் பிடித்து ஐந்தருவிக்குப் போனோம். அவர்கள் குளித்துவிட்டு வரும்வரை நான் வேனிலேயே உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொண்டேன். தலைவலி என்று பொய் சொன்னேன். அந்த ஆண்டு அது எனக்கு மூன்றாவது தலைவலி.

என் மைனி ஒருத்திக்கு மட்டும் விஷயம் தெரியும். "குத்தாலத்தைப் பக்கத்திலே வச்சுக்கிட்டு மூலிகைக்கா பஞ்சம்?" என்று ஒரு சூரணம் வாங்கித் தந்தார்கள். நான்கு மாதம் சாப்பிட்டேன். மருந்தையோ வைத்தியத்தையோ நான் குறை சொல்லவில்லை. என்ன நோய் என்றே தெரியாமல் சாப்பிட்டேனே, அது என் தவறு. அறிவியல் ஆசிரியர் செய்யக்கூடாத தவறு.

ஜூலையில் ஒரு நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்தேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.4 என்று வந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனாலே ரத்தசோகை, 8க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் பள்ளியில் மாணவிகளுக்கு வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, என் கண் முன்னால் விழுங்க வைத்துப் பதிவேட்டில் குறிப்பவள் நான்தான். எனக்குத்தான் 7.4.

ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையில் ஐந்து ஃபைப்ராய்டு கட்டிகள். பெரியது 7 சென்டிமீட்டர். ஒன்று கருப்பையின் உட்புறத்துக்குள் துருத்திக்கொண்டிருந்தது.

முதலில் பார்த்த மருத்துவர் என்னிடம் ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. "வயசு நாற்பத்திரண்டு ஆச்சு, ஒரு பிள்ளையும் இருக்கு. கருப்பை, சினைப்பை எல்லாத்தையும் எடுத்துரலாம். விட்டுவச்சா நாளைக்குப் புற்றுநோயா மாறும். அடுத்த வாரம் வந்து அட்மிட் ஆயிருங்க" என்றார். அவர் பார்த்துச் சொன்னது என்னை அல்ல, என் கணவரை. எனக்குக் கை நடுங்கியது. புற்றுநோய் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் காதில் விழவில்லை.

வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். "பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு? எடுத்துப் போட்டுட்டு சோலியைப் பாரு" என்றார் அத்தை. "எடுத்தா உடம்பு ஊதிப்போகும், எலும்பு தேஞ்சுபோகும், எடுக்காதே" என்றார் அம்மா. என் கணவர் மட்டும், "உனக்கு எது சரின்னு படுது?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு எதுவுமே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

அன்று இரவு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, எனக்குத் தெரிய வேண்டியதை எல்லாம் கேள்விகளாக எழுதினேன். தேர்வுக்கு வினாத்தாள் எடுத்துப் பழகிய கைதானே. மறுவாரம் ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போய் இன்னொரு மருத்துவரைப் பார்த்தேன். நோட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "கேளுங்க டீச்சர்" என்றார். அவர் சொன்னவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஃபைப்ராய்டு என்பது கருப்பையின் தசையிலிருந்து வளரும் நார்த்திசுக் கட்டி. மிகப் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. அது புற்றாக இருப்பது மிக மிக அரிது. பல பெண்களுக்குக் கட்டி இருப்பதே தெரியாது, சிகிச்சையும் தேவைப்படாது. கட்டி எத்தனை பெரிது என்பதை விட எந்த இடத்தில் இருக்கிறது என்பது முக்கியம். வெளிப்புறம் இருக்கும் பெரிய கட்டி சும்மா இருக்கும்; உட்புறம் துருத்தும் சின்னக் கட்டி ரத்தத்தைக் கொட்ட வைக்கும். பெண் ஹார்மோன்களால் வளர்வதால், மாதவிடாய் நின்ற பிறகு பெரும்பாலும் சுருங்கிவிடும்.

வழிகளும் ஒன்றல்ல. தொந்தரவு இல்லையென்றால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் காத்திருக்கலாம். ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரைகள் உண்டு. காப்பர்-டி போலக் கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் உண்டு. ஆனால் என்னைப்போல் கருப்பையின் உட்புற வடிவம் மாறியிருந்தால் அது சரியாகப் பொருந்தாமல் போகலாம். கட்டியை மட்டும் அகற்றிக் கருப்பையைக் காப்பாற்றும் அறுவை சிகிச்சை உண்டு. கட்டி மறுபடியும் வரக்கூடும். கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சை உண்டு. அதற்குப் பயிற்சி பெற்ற கதிரியக்க நிபுணர் வேண்டும். கடைசியாக, கருப்பையை அகற்றுவது. கட்டிக்கு முழுத் தீர்வு அது ஒன்றுதான். ஆனால் போனால் போனதுதான்.

சினைப்பையைப் பற்றியும் கேட்டேன். "உங்க வயசிலே சினைப்பை நல்லா இருந்தா அதை ஏன் எடுக்கணும்?" என்றார். இரண்டையும் எடுத்தால் மறுநாளே மாதவிடாய் நிற்கும் பருவம் வந்துவிடும். எலும்புக்கும் இதயத்துக்கும் அது நல்லதல்ல. அம்மா சொன்ன எலும்புத் தேய்மானம் சினைப்பையை எடுப்பதால் வருவது என்று அப்போதுதான் புரிந்தது. கரும்பலகையில் இரண்டையும் தனித்தனியாகப் பாகம் குறித்தவள், வாழ்க்கையில் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

அவர் அவசரப்படுத்தவில்லை. முதலில் கருப்பையின் உட்சவ்விலிருந்து திசு எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்று அறிகுறி இல்லை. இரும்புச்சத்தை ஊசி மூலம் ஏற்றினார்கள். ரத்தப்போக்குக்கு மாத்திரை தந்து, மூன்று மாதம் பார்ப்போம் என்றார்.

அந்த மூன்று மாதத்தில்தான் ஒரு வழக்கைப் பற்றிப் படித்தேன். எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு. 1995 மே மாதம், டெல்லியில் சமீரா கோலி என்ற 44 வயதுப் பெண், நீடித்த ரத்தப்போக்குக்காக ஒரு மருத்துவமனைக்குப் போகிறார். லேப்ராஸ்கோப்பி மூலம் உள்ளே பார்த்துப் பரிசோதிப்பதற்கு மயக்க மருந்து கொடுக்கிறார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிடுகிறார்கள். 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, நல்ல அறிவுநிலையில் உள்ள ஒருவருக்காகத் தாய்கூடச் சம்மதம் தர முடியாது. என்ன சிகிச்சை, என்ன பயன், என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்று போதுமான அளவு சொன்ன பிறகு நோயாளி தரும் சம்மதம்தான் சம்மதம்.

இது ஒருவருடைய கதை மட்டுமல்ல. 2019இல் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டும் பெண்களில் ஆயிரக்கணக்கானோர் இளம் வயதிலேயே கருப்பையை அகற்றிக்கொண்டது தெரியவந்து நாடே அதிர்ந்தது. மாதவிடாய்க்காக ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி பிடித்தம் என்பதும் அதற்கு ஒரு காரணம். தேவையில்லாத கருப்பை அகற்றங்களைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, நான் அறுவை சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லித் தப்பித்துவிட்டேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை.

மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 10.6க்கு ஏறியது. அடுத்த இரண்டு மாதவிடாயில் மறுபடியும் 8.9க்கு இறங்கியது. கட்டிகள் ஐந்து, வேறு வேறு இடங்களில். கட்டிகளை மட்டும் எடுத்தால் மறுபடியும் வர வாய்ப்புண்டு. இன்னொரு முறை மேசையில் படுக்க எனக்கு மனமில்லை. இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. கருப்பையை எடுத்துவிடுவது, சினைப்பைகளை விட்டுவைப்பது என்று முடிவு செய்தேன்.

முதல் மருத்துவர் சொன்னதில் பாதி, கடைசியில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஜூலையில் பயத்தில் தலையாட்டியிருந்தால் அது அவருடைய முடிவு. டிசம்பரில் எடுத்தது என் முடிவு. இரண்டுக்கும் நடுவே இருந்தது ஐந்து மாதமும் ஒரு நாற்பது பக்க நோட்டும்தான்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடப் பார்த்தேன். எங்கள் தலைமையாசிரியர் விடவில்லை. ஆண்தான் அவர். தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பாடத்தை நாங்க பார்த்துக்கிடுதோம் டீச்சர். நீங்க உடம்பைப் பாருங்க" என்றார். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஜனவரியில் அறுவை சிகிச்சை. முதல் நாள் மாலை சம்மதப் படிவத்தை என் கணவரிடம் நீட்டினார்கள். அவர் அதை என்னிடம் தந்து, "நீ படிச்சுப் பார்த்துப் போடு" என்றார். படித்தேன். கருக்குழாய்களையும் எடுத்துவிட்டால் பின்னாளில் சினைப்பைப் புற்று வரும் வாய்ப்பு குறையும் என்று மருத்துவர் ஏற்கெனவே விளக்கியிருந்தார், அதற்குச் சம்மதித்தேன். சினைப்பைகளை எடுக்க வேண்டாம் என்று அவர் முன்னிலையிலேயே எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஏழு வாரம் கழித்துப் பள்ளிக்குப் போனேன். முதல் வாரங்களில் வலி இருந்தது. ஒரு குடம் தண்ணீர் தூக்கக்கூடாது. ஒரு நாள் காரணமே தெரியாமல் அழுதேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். இப்போது ஹீமோகுளோபின் 12.3.

என் முடிவு உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்றில்லை. எங்கள் பள்ளியில் நாற்பத்தேழு வயது ஆசிரியை ஒருவருக்கும் கட்டி இருக்கிறது. ரத்தப்போக்கு அதிகமில்லை. ஸ்கேன் எடுத்துக் காத்திருக்கிறார். குழந்தைக்காகக் காத்திருக்கும் இளம் ஆசிரியை ஒருவர் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். மூவரும் சரி. மூவரும் தெரிந்து முடிவெடுத்தோம்.

சகோதரிகளுக்கு நான் சொல்வது இதுதான். மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால், பெரிய கட்டிகளாக ரத்தம் போனால், படியேற மூச்சு வாங்கினால், தள்ளிப்போடாமல் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுங்கள். அறுவை சிகிச்சை என்று சொன்னால் ஐந்து கேள்வி கேளுங்கள். கட்டி எந்த இடத்தில் இருக்கிறது? இப்போது செய்யாமல் காத்திருந்தால் என்ன ஆகும்? எனக்கு வேறு என்ன வழிகள்? எதையெல்லாம் எடுக்கப்போகிறீர்கள், எதை விட்டுவைப்பீர்கள்? இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க நேரம் இருக்கிறதா? ரத்தம் நிற்காமல் கொட்டும் அவசரம் தவிர, மற்ற நேரங்களில் கேட்க நேரம் இருக்கிறது.

சகோதரர்களே, உங்களை ஏன் உட்காரச் சொன்னேன் என்றால், உங்களில் பலர் தலைமையாசிரியர்கள். எல்லாரும் கணவர், மகன், தம்பி. உங்கள் பள்ளியில் ஒரு ஆசிரியை இரண்டாம் பாடவேளையில் ஐந்து நிமிடம் வெளியே போக வேண்டும் என்றால் காரணம் கேட்காதீர்கள். பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். நாளை உங்கள் வீட்டுப் பெண்ணுக்கான படிவம் உங்கள் கைக்கு வந்தால், முதலில் அவரிடம் கொடுங்கள்.

சென்ற ஜூனில் சாரல் தொடங்கியதும் மறுபடியும் வேன் பிடித்தோம். பைகளை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. "இந்த வருஷம் வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டேன்.