கோமாதாவும் கோமாரியும்

(பெரம்பலூர் – அரியலூர் சாலையிலுள்ள ஒரு கிராமத்தில், கறவை மாடு வைத்திருப்போர் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



மாடு வளர்ப்பதைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டுமென்று நம்மை அழைத்திருக்கின்றார்கள். நாம் மாட்டு வைத்தியருமல்ல, பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவருமல்ல. ஆனால் சாணி அள்ளி, தட்டை நறுக்கிப் போட்டு வளர்ந்தவர்தான் நாம். கற்றறிந்தவர்கள் எழுதி வைத்திருப்பதை எழுத்துக் கூட்டியாவது படித்துப் பார்க்கின்ற பழக்கமும் நமக்குண்டு. நாம் சொல்லுவதை மேடையில் சொன்ன காரணத்திற்காக நம்பிவிட வேண்டாம். உங்கள் கொட்டகையில் வைத்துப் பார்த்து, கால்நடை மருத்துவரையும் கேட்டு, சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் கோமாரி. வாயிலும் குளம்பிலும் புண் வந்து, எச்சில் கயிறு போல் ஒழுகி, மாடு தின்னாமல் கிடக்கின்றதே, அந்த நோய்க்கு நம் முன்னோர்கள் வைத்த பெயரைப் பாருங்கள். கோ என்றால் மாடு. மாரி என்றால் மாரியாத்தாள். நோயின் பெயரிலேயே ஒரு சாமியை உட்கார வைத்துவிட்டார்கள். சாமி கொடுத்த நோய்க்கு மருந்து தேடுவது குற்றமாகுமல்லவா? ஆகவே கூழ் ஊற்றினார்கள், வேப்பிலை கட்டினார்கள், மந்திரித்த கயிறு கழுத்தில் போட்டார்கள். மாடு பிழைத்தால் ஆத்தாள் கருணை; செத்தால் ஆத்தாள் கோபம். இரண்டிலும் பூசாரிக்கு நஷ்டமில்லை.

1898-இல் ஜெர்மனியில் லோஃப்லர், ஃப்ரோஷ் என்கின்ற இரண்டு பேர், கண்ணுக்கும் அப்போதிருந்த பூதக்கண்ணாடிக்கும் தெரியாத ஒரு நச்சுக்கிருமி இந்த நோயை உண்டாக்குகின்றது என்று கண்டு சொன்னார்கள். மிருகங்களுக்கு வரும் நோய்களில் வைரஸ் என்று முதன்முதல் தெரிந்ததே இந்தக் கோமாரிதான். அது எச்சிலில் போகும், பாலில் போகும், சந்தைக்குப் போய்வந்த செருப்பில் போகும், மாடு ஏற்றிய லாரியில் போகும், காற்றிலும் போகும். 2013-இல் தமிழ்நாட்டில் இந்நோய் வந்து கொட்டகை கொட்டகையாக மாடுகள் விழுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு 2019-இல் தேசிய அளவில் திட்டம் போட்டு, ஆறு மாதத்திற்கொரு தரம் தடுப்பூசி என்று ஆரம்பித்தார்கள். கன்றுக்கு நாலு மாதத்தில் முதல் ஊசி. ஒரு மாதம் கழித்து மறு ஊசி. இதற்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை, மாட்டைப் பிடித்துக் கொண்டு நின்றால் போதும்.

ஆனால் என்ன நடக்கின்றது? முகாம் போட்ட அன்றைக்குச் சில தோழர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டிற்குப் போய்விடுகின்றார்கள். கேட்டால், ஊசி போட்டால் பால் குறையும் என்கின்றார்கள். குறைவதுண்டு, நாம் பொய் சொல்ல வரவில்லை. இரண்டொரு நாளைக்குக் கொஞ்சம் குறையும். நிறைசினை மாடாயிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் தள்ளிப் போடுவார். இரண்டு நாளைய அரைப்படிப் பாலுக்காக மாட்டையே பணயம் வைப்பது என்ன கணக்கு? உங்கள் மாடு ஒன்று ஊசிக்குத் தப்பினால் பக்கத்துக் கொட்டகைக்கும் ஆபத்து என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

ஊசியால் ஆகுமா என்று சந்தேகப்படுகின்ற பெரியவர்களுக்கு ஒரு சங்கதி. வெக்கை நோய் என்று ஒன்று இருந்தது. அது வந்தால் ஒரு ஊரில் ஏர் பூட்ட மாடு மிஞ்சாது. இன்றைக்கு அந்த நோயை இங்குள்ள எந்த இளைஞராவது பார்த்திருக்கின்றாரா? இமயமலைப் பக்கத்தில் முக்தேசர் ஆராய்ச்சிச் சாலையில் 1920-களில் எட்வர்ட்ஸ் என்பவர் ஆட்டின் உடம்பில் செலுத்தி வலுவைக் குறைத்து ஒரு தடுப்பு மருந்து செய்தார். பின்னர் ஆப்பிரிக்காவில், கென்யாவில், பிளௌரைட் என்பவர் இன்னும் மேலான மருந்து செய்தார். இந்தியாவில் 1995-க்குப் பிறகு அந்நோய் தலைகாட்டவில்லை. 2011-இல் உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். மனிதனுக்கு வரும் பெரியம்மைக்கு அடுத்தபடி மனித முயற்சியால் பூண்டோடு ஒழிந்த நோய் இது ஒன்றுதான். ஆயிரம் வருஷம் அய்யனாருக்கு மண்மாடு செய்து வைத்தும் ஒழியாத நோய் அது.

நிற்க. மாடு திடீரென்று செத்தால் செய்வினை, கண்ணேறு என்கின்றோம். நம் பக்கம் மானாவாரிப் பூமி. மழை பொய்த்து, சோளப்பயிர் முழங்கால் உயரத்தில் வாடி நிற்கும். அல்லது அறுத்த தாளில் மறுதாம்பு துளிர்த்து நிற்கும். அவிழ்த்துக்கொண்ட மாடு அதில் நாலு வாய் கடிக்கும். சற்று நேரத்தில் மூச்சு வாங்கி, துடித்து, கிடையாய் விழுந்துவிடும். "காலையில் பால் கறந்த மாடு, எவன் கண் பட்டதோ" என்று அடுத்த வீட்டுக்காரியின்மேல் பழி. அப்பழியால் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்கள் எத்தனை! இளஞ்சோளத்தில், முக்கியமாய் வறட்சியில் வாடிய சோளத்தில், ஹைட்ரோசயனிக் அமிலம் என்கின்ற கொடிய விஷம் உண்டாகின்றது. பூவெடுத்து முற்றிய பயிரில் அது வெகுவாகக் குறைந்துவிடும். மருத்துவர் உடனே வந்தால் மாற்று ஊசியும் இருக்கின்றது. அடுத்த வீட்டம்மாள் கண்ணில் விஷமில்லை, தோழர்களே! அது பயிரில் இருக்கின்றது.

இனி நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்த விஷயத்திற்கு வருகின்றோம். இந்தப் பெரம்பலூர்ச் சீமை மக்காச்சோளத்திற்குப் பேர்போனது. அறுவடையானால் தார்ச்சாலையின் பாதியை மக்காச்சோளம் பிடித்துக் கொள்ளும். காய வைக்கக் களமில்லை, என்ன செய்வார்கள்? சாயங்காலம் ஒரு மழை பிடித்துக்கொள்ளுகின்றது. நனைந்ததை அள்ளிக் குவிக்கின்றோம். நல்லது வியாபாரிக்குப் போகின்றது. பச்சையாய்ப் பூசணம் பிடித்ததை என்ன செய்கின்றோம்? "மனுஷன் தின்னமாட்டான், மாடு தின்னட்டும்" என்று அரைத்துத் தவிட்டோடு கலக்குகின்றோம். மூலையில் கிடந்து கட்டியாகிப் போன கடலைப் புண்ணாக்கும் அதே வழிக்குத்தான் போகின்றது.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்ததில், அவற்றிற்குப் போட்ட கடலைப் புண்ணாக்கில் பூசணம் என்று தெரிந்தது. அந்தப் பூசணத்தின் விஷத்திற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். அது ஈரலைக் கெடுக்கும். நாள்பட்டால் ஈரலில் புற்றுநோய் உண்டாக்கும். மாடு அதைத் தின்றால் ஒரு நாளைக்குள் அதன் ஒரு பங்கு உருமாறிப் பாலில் வந்துவிடுகின்றது. காய்ச்சினால் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தேசம் முழுவதும் 6,432 பால் மாதிரிகள் எடுத்துச் சோதித்து அடுத்த வருஷம் முடிவை வெளியிட்டது. தண்ணீரும் சோப்பும் கலந்ததே பெரிய மோசம் என்று எல்லோரும் நினைத்திருக்க, கலப்படத்தால் தீங்கானவை 12 மாதிரிகள்தான். இந்தப் பூசண விஷம் அளவுக்கு மிஞ்சி இருந்தவையோ 368. அந்த 368-இல் 88 தமிழ்நாட்டில் எடுத்தவை. இங்கே எடுத்ததே 551 தான்!

இதைக் கேட்டுப் பாலே குடிக்கக் கூடாதென்று பயந்துவிட வேண்டாம். அனுமதித்த அளவு கிலோவுக்கு அரை மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமை இருபது லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. இவ்வளவு கண்டிப்பான அளவைத் தாண்டியதைத்தான் சொல்லுகின்றார்கள். பூசணத் தீனியை நிறுத்தினால் சில நாட்களில் பாலும் சுத்தமாகிவிடும். தார்ப்பாயில் காய வையுங்கள். பல்லில் கடித்தால் டக்கென்று உடைகின்ற வரை காய வையுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் கட்டையின்மேல் வையுங்கள். பூசணம் பிடித்ததைக் குப்பையில் கொட்டுங்கள். பஞ்சாயத்துக்கொரு உலர்களம் வேண்டுமென்று கிராமசபையில் எழுந்து கேளுங்கள். கோயில் குடமுழுக்குக்கு வீட்டுக்கு இவ்வளவென்று தலைக்கட்டு வரி போட்டு வசூலிக்கத் தெரிந்த ஊருக்கு, ஒரு களம் சிமெண்டு பூசத் தெரியாதா? சிமெண்டோ பக்கத்து அரியலூரிலேயே செய்கின்றார்கள்.

அரியலூரென்றதும் அங்குள்ள தோழர்களின் கஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி போகின்ற சாலையோரத்துப் புல்லெல்லாம் தூசி. அதைத்தான் மாடு மேய்கின்றது. மேய்ச்சல் புறம்போக்கு ஒரு பக்கம் ஆக்கிரமிப்பு, மிச்சம் சீமைக்கருவேலம். ஏரிக்குள்ளும் அதுதான். ஆலைகளும் லாரிகளும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கல்லுக்குத் தார்ப்பாய் போர்த்து, சாலைக்குத் தண்ணீர் தெளி, தோண்டி முடித்த பள்ளத்திற்கு வேலி போடு என்றுதான் கேட்கச் சொல்லுகின்றோம்.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பு வெள்ளைக் கலப்பு மாடு அழகாயிருக்கின்றது, அதிகமும் கறக்கின்றது. அதன் பாட்டன் பாட்டி ஹாலந்து தேசத்துக் குளிரில் இருந்தவர்கள். அதைச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் கட்டிவிட்டு, "மாடு சினை பிடிக்கவில்லை, ஜாதகம் சரியில்லை" என்றால் என்ன அர்த்தம்? சூடு மிஞ்சினால் மாடு தின்னாது; பருவத்திற்கு வந்தாலும் வெளியே தெரியாது; நாம் பார்க்கத் தவறினால் இருபத்தொரு நாள் வீண். தகரத்தின்மேல் தென்னங்கீற்றோ சோளத்தட்டையோ போடுங்கள். பூவரசு, வேம்பு நடுங்கள். பாலில் 100-க்கு 87 பங்கு தண்ணீர். கறக்கின்ற மாடு கோடையில் 60, 70 லிட்டர் குடிக்கும். அதற்குக் காலையிலும் மாலையிலும் ஒரு குடம் கழுநீர் காட்டினால் பால் எங்கிருந்து வரும்? மாட்டுப்பொங்கலன்று கொம்புக்கு வர்ணமும் கழுத்துக்கு மாலையும் போடுகின்றோம். மாடு மாலையைத்தான் தின்னப் பார்க்கின்றது. அதற்குள்ள புத்திகூட நமக்கில்லை. தொட்டி நிறையத் தண்ணீர் வைத்தால் அதுவே அதற்குப் பொங்கல்.

இவ்வளவும் செய்தால் லாபம் வருமா என்பீர்கள். கணக்குப் போடுவோம். ஆவினில் பசும்பால் லிட்டருக்கு 2022 நவம்பரில் 35 ரூபாய் என்றாயிற்று. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்து 38 ஆயிற்று. எட்டு லிட்டர் கறக்கின்ற மாடென்று வைத்துக்கொள்ளுங்கள், 304 ரூபாய். தீவனம் ஐந்தரைக் கிலோ, கிலோ 30 என்று வைத்தால் 165. பசுந்தீவனமும் வைக்கோலும் 60. மிச்சம் 79 ரூபாய். இதில்தான் சினை ஊசி, வைத்தியம், பால் வற்றிய மாதங்களின் செலவு எல்லாம். இனி, விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து சாணி அள்ளி, புல்லறுத்துச் சுமந்து, கறந்து, கேன் தூக்குகின்ற அந்த அம்மாளுக்குக் கூலி எங்கே? அவருக்குக் கூலியென்று போட்டால் நஷ்டம் வரும். அதனால்தான் கணக்கிலேயே அவரைச் சேர்ப்பதில்லை. மாடு வளர்ப்பு லாபமென்று பேசுகின்ற ஆண்பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். சங்கத்தில் உறுப்பினர் பெயரும் பாங்கிக் கணக்கும் யார் பேரில் இருக்கின்றன? சாணி அள்ளுகின்றவர் பேரிலா, சாயங்காலம் டீக்கடையில் உட்காருகின்றவர் பேரிலா? கை தூக்கச் சொன்னால் இங்கே எத்தனை அம்மாமார்கள் தூக்குவார்களோ தெரியாது.

விலை தானாக உயராது. குஜராத்தில் கைரா ஜில்லாவில் 1946-இல் குடியானவர்கள் பதினைந்து நாள் வியாபாரிக்குப் பால் ஊற்றுவதில்லையென்று நிறுத்தித்தான் கூட்டுறவை உண்டாக்கினார்கள். அங்கே போய் அதை உலகறிய வளர்த்த வர்கீஸ் குரியன் ஒரு நாத்திகர். பசுவைக் கும்பிடாதவர்தான் பசுவால் பிழைக்கின்ற ஏழைக்கு வழி செய்தார்!

கூட்டுறவில் நமக்கு இன்னொரு திருப்தியும் உண்டு. சில ஊர்களில் இன்றைக்கும் சேரியில் கறந்த பாலை வீட்டிற்கு வாங்கத் தயங்குகின்றார்கள். ஆனால் சங்கத்துக் கேனில் எல்லாப் பாலும் ஒன்றாய் விழுந்து, குளிரூட்டி, பாக்கெட்டாகி, அந்த வீட்டுக்கே திரும்பி வருகின்றது. அதைக் காய்ச்சிக் காப்பி குடிக்கின்றபோது தீட்டு எந்தப் பக்கம் போயிற்று என்று யாரும் தேடுவதில்லை.

கடைசியாக, கிழமாட்டின் சங்கதி. வற்றிப் போன மாட்டை விற்றால்தான் குடியானவன் அடுத்த மாட்டிற்கு முன்பணம் சேர்ப்பான். 2017 மே 23-இல் மத்திய அரசாங்கம், சந்தையில் மாட்டை வெட்டுக்கென்று விற்கக் கூடாதென்று விதி போட்டது. ஒரு வாரத்திற்குள் மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை தடை கொடுத்தது. ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அத்தடையைத் தேச முழுமைக்கும் ஆக்கிற்று. அந்த விதி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பால் கொடுக்காத மாட்டிற்கும் காளைக்கன்றுக்கும் தினம் தட்டையும் தண்ணீரும் போட வேண்டியது யார்? கோமாதா என்று பட்டணத்தில் கூட்டம் போடுகின்றவர்களா? அவர்களில் ஒருவராவது உங்கள் கொட்டகைக்கு வந்து ஒரு கட்டுப் புல் போட்டதுண்டா?

நேரமாகிவிட்டது, பால் கறக்கின்ற வேளை. தலைவரவர்கள் சொன்னபடி வருகிற முகாமன்று ஊசி போடுகின்றவர்கள் காலையிலேயே வருவார்கள். யாரும் மாட்டைக் காட்டுக்கு ஓட்ட வேண்டாம். கயிற்றைப் பிடித்துக்கொள்ளுவதற்கு நாமும் வருகின்றோம்.